செம்மண் ஒட்டிய சிறுகிழங்கு

அப்படியா சொன்னாள், மைனி? நான் மாதுங்காவில் சிறுகிழங்கு வாங்கி வந்து, இந்த மணலுக்குள் புதைத்து, பிறகு நானே தோண்டி எடுத்து, என் தோட்டத்தில் விளைந்தது என்று எல்லோரையும் ஏமாற்றினேனாம்? மூன்றாவது வீட்டுக்காரிதானே? வேறு யார் சொல்லப் போகிறார்கள். அவள் குழாயடியில் ஒன்று சொன்னால் குடம் நிறைவதற்குள் அது மான்குர்த் ஸ்டேஷன் வரை போய்விடும். சிரிக்காதே. அவள் சொன்னதில் பாதி உண்மை. கிழங்கு கடையில் வாங்கியதுதான். புதைத்ததும் இந்த மணலில்தான். ஆனால் வாங்கியதும் புதைத்ததும் நான் இல்லை.

உட்கார். மகள் பிரசவம் என்று ஆறு மாதம் ஊருக்குப் போய் உட்கார்ந்துகொண்டாய், இங்கே நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது. முதலில் இருந்து சொன்னால்தான் சரிப்படும். அந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார். கீழே உட்கார்ந்தால் கிளிஞ்சல் குத்தும்.

இதை மண் என்று நான் சொன்னால் என் பேத்தி சண்டைக்கு வருகிறாள். "மண்ணு நஹி பாட்டி, இது ரேத்தி" என்கிறாள். அவள் சொல்வதும் சரிதான், வெறும் மணல். இந்தச் சந்து முழுக்கச் சதுப்பாகக் கிடந்த இடம். கழிமுகத்து மணலைக் கொண்டுவந்து கொட்டி, அதன் மேல் இடித்த வீட்டுக் கல்லைக் கொட்டி, மறுபடி மணலைக் கொட்டித்தான் வீடு கட்டினார்கள். இன்றைக்கும் ஒரு சாண் தோண்டினால் ஒரு கிளிஞ்சல் வரும், யார் வீட்டுக் குளியலறை ஓடோ ஒன்று வரும். ஒரு நாள் பீங்கான் கோப்பையின் காது மட்டும் வந்தது. கோப்பையைக் காணோம்.

நான் தோட்டக்காரி இல்லை என்பது உனக்குத் தெரியும். தாராவியில் பிறந்தவள். பத்துக்குப் பத்து அறையில் ஏழு பேர் படுத்தோம். அங்கே மண்ணை எங்கே கண்டோம்? ஒரு டால்டா டப்பாவில் துளசி இருந்தது, அதையும் எலி தின்றது. இங்கே குடிவந்த பிறகுதான் வீட்டுக்குப் பின்னால் காலால் அளந்தால் நான்கு எட்டு அகலம், பத்து எட்டு நீளத்தில் ஒரு துண்டு இடம் என் கைக்குக் கிடைத்தது. மகன் காலையில் அணுசக்தி நகர் ஸ்டாஃப் பஸ்ஸை எடுக்கப் போய்விடுவான். மருமகள் மாதுங்காவில் ஒரு மெஸ்ஸில் காய் நறுக்கப் போய்விடுவாள். பேத்தி காலேஜ். பகல் முழுக்க நானும் சுவரும்தான். தாராவியில் தும்மினால் நாலு வீட்டில் இருந்து குரல் வரும். இங்கே முதல் மூன்று மாதம் நான் வாயைத் திறந்ததே கொட்டாவி விட மட்டும்தான். அப்புறம் பின்பக்கம் ஒரு வெண்டை விதையை ஊன்றினேன். அது இரண்டு இலை விட்டதும் நீதான் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "அதென்ன மைனி, வெண்டையா?" என்று கேட்டாய். நினைவிருக்கிறதா? இந்த ஊரில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான். அதனால்தான் சொல்கிறேன், இந்த இடம் போய்விட்டால் எனக்கு என்ன போயிருக்கும் என்று உனக்குத் தெரியும்.

போகத்தான் இருந்தது.

சென்ற ஹோலி சமயத்தில் மருமகளுக்கு அவளுடைய மெஸ்காரம்மா ஒரு பழைய வாஷிங் மெஷின் கொடுத்தார்கள். நீ பார்த்திருக்கிறாய், வீட்டுக்குள் நடு அறையில் பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு நின்றதே, மேலே டிவியைச் சுமந்துகொண்டு. வீட்டுக்குள் அதற்குக் குழாய் கிடையாது, தண்ணீர் வெளியே போக வழியும் கிடையாது. இரண்டும் இருக்கிற ஒரே இடம் பின்பக்கம். என் வெண்டையும் பாகலும் நின்ற இடம். அவள் வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை. காலையில் இருந்து மாலை வரை மெஸ்ஸில் வெங்காயமும் பூசணிக்காயும் நறுக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து நாலு பேர் துணியைத் துவைத்துப் பிழிவாள். பிழியும்போது "ஸ்ஸ்" என்பாள். அவ்வளவுதான்.

மகன்தான் பேச்சை எடுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்பக்கம் வந்து நின்று, என் பாகல் பந்தலைப் பார்த்தான். சித்திரை வெயில். பாகல் முறுக்கிக்கொண்டு கிடந்தது.

"எம்மா, இதுல என்னம்மா வருது? தண்ணி ஊத்துறீய, ஊத்துறீய, அது பாட்டுக்கு கீழ போயிட்டே இருக்கு. லாதி போட்டு மெஷின வச்சிருவோமா?"

லாதி என்றால் தரையில் பதிக்கிற ஓடு. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு நெஞ்சில் ஓடு பதித்த மாதிரி இருந்தது.

"வரும்ல. ஒரு வருசம் குடு."

"எது வரும்?"

"பொங்கல் குழம்புக்குக் காய் வரும். இந்த ரேத்தியில இருந்து சிறுகிழங்கு எடுத்து ஒனக்குக் குழம்பு வச்சுப் போடுதேன். நம்ம நாலு பேருக்கும் வயிறு நெறைய. வரலேன்னா நீ லாதியப் போடு, மெஷின வையி, மேல ஏறி நின்னு ஆடு. நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது மைனி. சிறுகிழங்கு என்று ஏன் சொன்னேன் தெரியுமா? பொங்கலுக்கு நம் திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் சிறுகிழங்கு இல்லாமல் இலை போட மாட்டோம். அன்றைக்கு மாதுங்காவில் அதற்காகக் கூட்டம் முட்டி மோதும். அதோடு கட்டிலுக்கு அடியில் கூடையில் பொங்கலுக்கு வாங்கி மிஞ்சிய கிழங்கு கொஞ்சம் சுருங்கிக் கிடந்தது. அது முளை விடப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த முளைதான் என்னைப் பேச வைத்தது என்று நினைக்கிறேன்.

மருமகள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போய், டிவிக்கு அடியில் நழுவியிருந்த பெட்ஷீட்டை இழுத்துச் சரிசெய்தாள்.

அந்த வெயில் காலம் முழுக்க நான் மணலிடம் பாடம் படித்தேன். காலையில் ஒரு மணி நேரம்தான் குழாயில் தண்ணீர். அதில் ஒரு வாளியை அப்படியே சாய்த்தால், ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான், கண் மூடித் திறப்பதற்குள் மேலே காய்ந்துவிடும். மணல் கஞ்சத்தனமும் பண்ணாது, கெட்ட எண்ணமும் அதற்கு இல்லை. பையில் ஓட்டை உள்ள ஆள் மாதிரி. கொடுத்ததை எல்லாம் நல்ல மனதோடு வாங்கிக்கொள்ளும், எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. அப்படிப்பட்டவர்களுக்கு மொத்தமாகக் கொடுக்கக் கூடாது. காலையில் ஒரு சொம்பு, வெயில் சாய ஒரு சொம்பு. நான் அந்த ஒரு வாளியை நாள் முழுக்கச் சொம்பு சொம்பாகக் கொடுத்தேன்.

அப்புறம் இளநீர்க் கூடு. ஸ்டேஷன் வாசலில் இளநீர் விற்கிறவன் வெட்டிப் போட்ட கூடுகளைச் சாக்கில் கட்டி இழுத்து வந்தேன். பேத்தி எதிரே தோழிகளோடு வந்தவள், என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பி ஃபோன் பேசுகிற மாதிரி நடித்தாள். முழங்கை ஆழம் தோண்டி, கூட்டின் வாய் மேலே பார்க்கிற மாதிரி வரிசையாக அடுக்கி மூடினேன். கிண்ணம் மாதிரி அது தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அதன் மேல் மருமகள் மெஸ்ஸில் இருந்து கொண்டுவந்த தோல். வெங்காயத் தோல், வாழைக்காய்த் தோல், முட்டைக்கோஸ் மேல் இலை. நான் கேட்கவில்லை மைனி, அவளாகவே தினமும் ஒரு பையில் கட்டிக் கொண்டுவந்து பின்வாசலில் வைத்துவிட்டுப் போவாள். ட்ரெயினில் அந்தப் பையை வைத்துக்கொண்டு நின்றால் பக்கத்தில் யாரும் நெருக்க மாட்டார்களாம். "நல்லதுதான அத்தே, எடம் கெடைக்கி" என்பாள்.

மழைக்கு முன்னால் கிழங்கைப் பெயிண்ட் டப்பாவில் முளைக்கப் போட்டேன். கொடி எழும்பியதும் நுனியைக் கிள்ளித்தான் பாத்தியில் நட வேண்டும். மழை அடித்துக்கொண்டு போகாமல் இருக்க டப்பாவைத் தகரக் கூரைக்கு அடியில் வைத்தேன். அங்கேதான் புத்தி கெட்டது.

மழை மாதத்தில் படகு கடலுக்குப் போகாது, பச்சை மீன் வராது. வீட்டில் கருவாடுதானே. மீன் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால் செழிக்கும் என்று எனக்குத் தெரியும், வெண்டைக்கு அப்படித்தான் ஊற்றினேன். மீன் இல்லையா, சரி, கருவாடு ஊறவைத்த தண்ணீரை ஊற்றினேன். ஒரு நாள் இல்லை, பத்து நாள். வெளியே மழை பெய்த இடத்தில் ஊற்றியிருந்தாலாவது உப்பு அடித்துக்கொண்டு போயிருக்கும். டப்பாதான் கூரைக்கு அடியில் நனையாமல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்ததே. இலை ஓரம் எல்லாம் தீய்ந்த அப்பளம் மாதிரி ஆகிவிட்டது.

மருமகள் வந்து குனிந்து பார்த்தாள். மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தாள்.

"அத்தே, கருவாட்டுத் தண்ணி ஊத்துனீயளா?"

"மீனு தண்ணிதான."

"சாளக் கருவாட்டுக்கு எவ்வளவு உப்பு போடுவாவன்னு தெரியாதா ஒங்களுக்கு? கிழங்கு குழம்பு கேட்டா, நீங்க கிழங்கயே குழம்பா வச்சிட்டியளே!"

அவள் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. அவள் டப்பாவைத் தூக்கி மழையில் வைத்தாள். இரண்டு நாள் நல்ல மழை கழுவிக் கொடுத்தது. பாதிக்கு மேல் போய்விட்டது. தப்பியதைக் கிள்ளி, மணலை வரப்பாகக் கூட்டி நட்டேன். நீ ஊருக்குப் போனது அந்தச் சமயம்தான்.

அப்புறம் சந்தில் தண்ணீர் ஏறியதும், வரப்பு கரைந்ததும், நான் குடையைப் பிடித்துக்கொண்டு கையால் மணலை அள்ளி அள்ளி மறுபடி கட்டியதும் நீ பார்க்கவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். களிமண்ணாக இருந்திருந்தால் கிழங்கு அழுகியிருக்கும். வெயிலில் எந்த ஓட்டைப் பையைத் திட்டினேனோ, மழையில் அதே ஓட்டைதான் காப்பாற்றியது. ஒரு ஆளிடம் நாம் குறை சொல்கிற குணமே இன்னொரு நாள் நமக்குச் சோறு போடும்.

ஐப்பசி வெயிலில் செடி குப்பென்று படர்ந்தது. பேத்தி ஃபோனை இலைக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "பாட்டி, இது புதினா. ஃபோன் சொல்லுது" என்றாள். ஃபோனுக்கு என்ன தெரியும், பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் அவள் அதைச் சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். மறுநாள் மூன்றாவது வீட்டுக்காரி வேலிக்கு மேல் தலையை நீட்டினாள்.

"ஏ மைனி, ஒங்க புதினாவுல வாசமே இல்லியே."

"எந்தப் புதினா?"

"இந்தா நிக்கே. நீங்க கண்ணசந்த நேரம் ரெண்டு கை பறிச்சேன். சட்னி அரைச்சா வெறும் தழை மாரி இருக்கு. எங்க வீட்டுக்காரரு, ஆட்டுக்கு வைக்கியா எனக்கு வைக்கியான்னு கேக்காரு."

"அது சிறுகிழங்குட்டி! எம் பொங்கலப் பறிச்சுச் சட்னி அரைச்சிருக்க!"

அன்றில் இருந்துதான் அவளுக்கு என் கிழங்கின் மேல் ஒரு கண். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அந்தச் சட்னிக்காகப் புருஷனிடம் பேச்சு வாங்கியவள்.

மார்கழி பிறந்ததும் இலை பழுக்க ஆரம்பித்தது. கிழங்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். ஆனால் தோண்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து கையை வைத்து மணலைத் தடவிப் பார்ப்பேன். உப்புத் தின்ற செடி, சட்னிக்குக் கிள்ளிய செடி, இது என்னத்தைக் கொடுக்கும்? அதற்குள் லாதிக் கடைக்காரனிடம் மகன் அளவு சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

போகி அன்றைக்குக் காலையில் தோண்டினேன். முந்தின நாள் மருமகளுக்கு லீவு. மதியம் நான் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்து பார்த்தபோது வரப்பு மேல் மணல் கையால் தட்டி வைத்த மாதிரி வழுவழு என்று இருந்தது. பூனை புரண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எந்தப் பூனை மைனி அப்படித் தட்டி வைக்கும்?

முதல் செடியைப் பிடுங்கினேன். வேர் நூலில் தொங்கிக்கொண்டு வந்தது, கோலிக்குண்டு அளவில் நாலு, சுண்டைக்காய் அளவில் ஐந்தாறு. உடம்பெல்லாம் நம் சாம்பல் நிற மணல். தட்டினால் உதிர்ந்துவிடும், அவ்வளவு சுத்தம். எனக்கு அதுவே போதும் போல இருந்தது, கையில் வைத்து முகர்ந்து பார்த்தேன். அப்புறம் அந்தக் குழியிலேயே கையை விட்டுத் துழாவினால், கட்டை விரல் தடிமனில் ஒன்று. இன்னொன்று. இன்னொன்று. ஐயோ, எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. சத்தம் போட்டுப் பேத்தியைக் கூப்பிடப் போனேன்.

வாய் பாதி திறந்திருக்கும்போதே கண் பார்த்துவிட்டது. அந்தப் பெரிய கிழங்குகள் வேரில் தொங்கவில்லை. தனியாகப் படுத்துக் கிடந்தன, துணிக் கொடியில் கிளிப்பை வரிசையாக மாட்டிய மாதிரி ஒழுங்காக. அதோடு மடிப்பில் எல்லாம் சிவப்பு. செம்மண். நம் பக்கத்தில் இருந்து லாரி ஏறி மாதுங்காவுக்கு வருகிற கிழங்கில் ஒட்டியிருக்குமே, அந்த மண். இந்தக் கழிமுகத்து மணலில் எந்தக் காலத்தில் செம்மண் இருந்தது?

இரண்டு கிண்ணம் எடுத்து வந்து பிரித்தேன். சாம்பல் ஒரு கிண்ணம், சிவப்பு ஒரு கிண்ணம். சிவப்புக் கிண்ணம் குவிந்து நின்றது. சாம்பல் கிண்ணம் பாதிக்குக் கொஞ்சம் மேலே. பிறகு மருமகளைக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, இது என்ன?"

"கிழங்கு அத்தே. நல்லா வெளஞ்சிருக்கே!"

"இது எங்க வெளஞ்சது?"

"இங்கதான்."

"இங்கதான் வெளஞ்சதுன்னா, இந்தச் செகப்பு மண்ணு ட்ரெயின் ஏறி வந்துச்சாக்கும்?"

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். தலை நிமிரவில்லை. கிழங்கைத் திருடிய ஆள் மாதிரி நின்றாள், வைத்த ஆள் மாதிரி இல்லை.

"கள்ளி, கழுவியாவது வச்சிருக்கக் கூடாதா?"

அதற்கு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் சொன்னாள்.

"மெஷினு எங்கத்தே போவப் போவுது? டிவிக்கு அடியில கெடந்துட்டுப் போவட்டும். இந்த ரேத்திய எடுத்துட்டா நீங்க எங்க போவீய?"

நான் அவள் கையைப் பார்த்தேன் மைனி. மணிக்கட்டு வீங்கியிருந்தது. வருஷம் முழுக்க அந்தக் கைதான் தோல் சுமந்து வந்தது, டப்பாவை மழைக்குத் தூக்கி வைத்தது, அதே கைதான் இருட்டுகிற நேரத்தில் துணி பிழிந்தது. இலை ஓரம் ஒரு நூல் அளவு கருகினால் கண்டுபிடிக்கிற என் கண்ணுக்கு இது தெரியவில்லை.

இரண்டையும் நாங்கள் கலக்கவில்லை. சாக்கில் போட்டுக் கல்லில் அடித்துத் தோலெடுக்கும்போதும் தனித்தனியாகத்தான் அடித்தோம். பொங்கல் அன்று இலை போட்டதும் மகன் குனிந்து பார்த்தான்.

"எம்மா, இது ரேத்தியிலயா வந்துச்சு?"

மருமகள் என் முகத்தைப் பார்த்தாள்.

"இந்தக் கிண்ணத்துல உள்ளது ரேத்தி. அந்தக் கிண்ணத்துல உள்ளது ஒம் பொண்டாட்டி," என்றேன். நடந்ததைச் சொன்னேன். அவன் கையில் சோற்றை வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சொன்னேன், "நாலு பேருக்கும் வயிறு நெறையன்னு சொன்னேன். பாதி வயிறுதான் நெறஞ்சிருக்கு. அதனால பாதி எடத்துக்கு லாதியப் போடு. குழா இருக்கிற பக்கம்."

"யத்தே, வேண்டாம்," என்றாள் அவள்.

"நீ சும்மா இரு. திருட்டுக் கிழங்கு வச்சவளுக்குப் பேச்சு கெடையாது."

அவ்வளவுதான் நடந்தது. மாதுங்கா கடையில் மருமகள் கிழங்கு வாங்கியதை யாரோ பார்த்து மூன்றாவது வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறார்கள். மிச்சத்தை அவளே இட்டுக்கட்டிக்கொண்டாள். கட்டட்டும். ஆனால் நீ குழாயடியில் சொல்லும்போது, புதைத்தது மருமகள் என்று சொல்ல வேண்டாம். நான்தான் புதைத்தேன் என்றே இருக்கட்டும். எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

இடம் பாதியானதில் ஒரு வேடிக்கை பார். முன்னால் பத்து எட்டுக்கும் ஊற்றிய தண்ணீர் இப்போது ஐந்து எட்டுக்கே போகிறது. கீரை இப்படி எனக்கு வந்ததே இல்லை. லாதி மேல் நிற்கிற மெஷினில் இருந்து வருகிற சோப்பு நுரைத் தண்ணீரை நேரே சாக்கடைக்கு விட்டுவிடுவேன். கடைசி அலசல் தண்ணீரை மட்டும் வாளியில் பிடித்துத் தெளிய வைத்து, அந்த ஓர வாழைக்கு ஊற்றுகிறேன். அது ஒன்றும் சொல்லவில்லை.

விதைக்கு ஏழு கிழங்கு எடுத்து வைத்திருக்கிறேன், அந்தப் பெயிண்ட் டப்பாவில், காய்ந்த மணலுக்குள். எல்லாம் கோலிக்குண்டுதான். "செகப்புக் கெழங்கு பெருசா இருக்கே, அத வைங்களேன்" என்றாள் மருமகள். பெரிசுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அது நம் மணலைப் பார்த்ததில்லை. இது உப்பையும் தின்று, சட்னிக்கும் கிள்ளிக் கொடுத்து, பிழைத்து வந்தது. உனக்கும் இரண்டு தருகிறேன். முளை விட்டதும் நீ செய்ய வேண்டியது என்னவென்றால்... கேட்கிறதா, மெஷினுக்குள் குடகுடவென்று உருள்கிறதே? இனிக் கடைசித் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். எழுந்திரு மைனி, சீக்கிரம், அந்த வாளியைக் கொடு, பைப்புக்கு அடியில் வைக்க வேண்டும்...